கடை வேறு, வீடு வேறு

பெட்டிக்காரர் வீட்டுக்கு யார் போனாலும் அட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருவைப் பார்த்த இரண்டு அறைகள் கடை. பின்னால் இருக்கிற இரண்டு அறையும் அடுப்படியும் வீடு. நடுவில் ஒரு கதவு உண்டு. பதினாறு வருஷமாக அதை யாரும் சாத்தியதில்லை, சாத்தவும் முடியாது, எப்போதும் ஏதாவது ஒரு அட்டைக்கட்டு அதன்மேல் சாய்ந்து நிற்கும். செருப்புக் கடைகளுக்கும் சட்டைக் கடைகளுக்கும் அட்டைப்பெட்டி செய்து கொடுப்பதுதான் தொழில். விடிந்ததும் மைதாமாவில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுகிற வாடை அடுப்படியில் கிளம்பி, கடை வழியாக வெளியே வந்து, தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஆறு மாதத்தில் அவர்களுக்கும் பழகிவிடும்.

காலையில் பெட்டிக்காரர் கத்தி இயந்திரத்தில் அட்டை வெட்டுவார், மடிப்புக் கோடு போடுவார். ஒரு மணி நேர வேலை, மிஞ்சிப் போனால் ஒன்றரை. அப்புறம் குளித்துவிட்டு ஆர்டர் பேசக் கிளம்பிவிடுவார். ஆர்டர் என்பது நாலு டீக்கடை, இரண்டு நண்பர்கள், ஒரு நாட்டு நடப்பு எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு கடைசியில் பேசப்படுகிற விஷயம். அவருடைய தம்பி, அடுத்த தெருவில் தனிக்குடித்தனம், வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பணம் வாங்கி வருவான். மிச்சம் என்று ஒன்று இருக்கிறதே, பசை காய்ச்சுவது, மடிப்பது, மூலை ஒட்டுவது, மேல்தாள் போர்த்துவது, மூடி சேர்ப்பது, காயவைப்பது, எண்ணிக் கட்டுவது, அதெல்லாம் அவர் மனைவி, வீட்டம்மா. நாளைக்கு நானூறு பெட்டி. உலையில் அரிசி வேகிற நேரத்துக்குள் இருபது பெட்டி முடித்துவிட்டு எழுந்து வடிக்கப் போவாள்.

கணக்கு என்று பார்த்தால் மேசை இழுப்பறைதான் கணக்கு. வந்த பணம் உள்ளே போகும், வேண்டிய பணம் வெளியே வரும். மாதக் கடைசியில் ஏதாவது கிடந்தால் லாபம், கிடக்கவில்லை என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வரிப் படிவத்தைப் பெட்டிக்காரரே நிரப்புவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க மோட்டுவளையைப் பார்த்து யோசித்து, வருமானம் என்று ஒரு தொகையை எழுதினார். அதிகமும் இல்லை, கேவலமாகவும் இல்லை, பார்ப்பதற்கு லட்சணமான தொகை. அடுத்த வருஷமும் அதையே எழுதினார். அதற்கடுத்த வருஷமும். தேதியை மட்டும் ஞாபகமாக மாற்றினார்.

வரி அலுவலகத்திலும் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு பங்குனி வெயிலில் கடிதம் வந்தது. தங்கள் வருமானம் மூன்று ஆண்டுகளாக ஒரு காசுகூடக் கூடாமலும் குறையாமலும் இருந்து வருவது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்திருந்தார்கள். வருகிற ஆண்டுக்கு ஒழுங்காகக் கணக்கும் ரசீதும் வைத்திருக்க வேண்டும், ஆண்டு முடிவில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அப்படி இல்லாவிட்டால் நீங்கள் வாங்குகிற அட்டையின் அளவை வைத்து நாங்களே மதிப்புப் போட்டுக்கொள்வோம், அந்த மதிப்பில் வரி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று முடித்திருந்தார்கள்.

பெட்டிக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வங்கியில் அவர் பெயரில் மூன்றரை லட்சம் இருந்தது. ஆறு வருஷச் சேமிப்பு. மடித்து ஒட்டுகிற இயந்திரம் ஒன்று, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது, நல்ல நிலையில் இருப்பது, அதை வாங்க வைத்திருந்த பணம். அந்த இயந்திரம் வந்துவிட்டால் கடை எங்கேயோ போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. இப்போது அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அரசாங்கம் அள்ளிக்கொண்டு போகப் போகிறது.

அந்தச் சமயம் பார்த்து வியாபாரிகள் சங்கத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் இலவச வகுப்பு வைத்தார்கள். மதியச் சாப்பாடும் உண்டு என்று போட்டிருந்ததால் பெட்டிக்காரர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

முதல் நாள் அணியாக வேலை செய்வது எப்படி என்பது பாடம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, செய்தித்தாளும் நூலும் கொடுத்து, பதினைந்து நிமிஷத்தில் ஒரு கோபுரம் கட்டச் சொன்னார்கள். பெட்டிக்காரர் அணியில் ஐந்து பேருமே முதலாளிகள். அஸ்திவாரம் அகலமாக வேண்டும் என்று ஒருவர் சொன்னார், உயரம்தான் முக்கியம் என்று இன்னொருவர் சொன்னார், நூலை இப்படிக் கட்டக்கூடாது என்று பெட்டிக்காரர் சொன்னார். கட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. நேரம் முடிந்தபோது மேசைமேல் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் நிலையான செலவு, மாறுகிற செலவு, லாபம், வரி எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தது. ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது. வகுப்பு எடுத்தவர் அதைப் பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார். கடையும் அதன் சொந்தக்காரரும் கணக்கில் இரண்டு தனித்தனி ஆட்கள். கடை வேறு, வீடு வேறு.

இத்தனை வருஷமாகத் தன் இழுப்பறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பெட்டிக்காரருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வீட்டம்மா பாலுக்கு எடுக்கிறாள், அரிசிக்கு எடுக்கிறாள், மருந்துக்கு எடுக்கிறாள். எடுத்தால் கணக்கு எப்படி நிற்கும்? வரும் வழியில் ஒரு பூட்டு வாங்கினார்.

மறுநாள் காலை, வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால், கூட்டம் என்று ஒன்று கூட்டினார். வந்தவர்கள் தம்பியும் வீட்டம்மாவும். கையில் பச்சைக் கோப்பு. தம்பி அட்டைக்கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டான், வீட்டம்மா கைவேலையை விடாமலே கேட்டாள். வேலைப் பிரிவினை, அணி உணர்வு, செலவுக் கட்டுப்பாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இனிமேல் இழுப்பறையில் யாரும் கை வைக்கக்கூடாது. வீட்டுச் செலவுக்கு மாதம் பிறந்ததும் இவ்வளவு என்று கொடுத்துவிடுவார், அதற்குமேல் கடைக்கும் வீட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வீட்டம்மா பிரஷைப் பசைச் சட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நிஜமாவே ரெண்டும் வேற வேறயா?"

"வேற வேறதான். ரெண்டு தனி ஆளுங்க மாதிரி. வகுப்புல தெளிவா சொன்னாங்க."

"கடைக்கு ஏதாவது வேணும்னா வீட்டுல சும்மா எடுக்கக்கூடாது, வீட்டுக்கு ஏதாவது வேணும்னா கடையில சும்மா எடுக்கக்கூடாது. அப்படித்தானே?"

"அதேதான்," என்றார் பெட்டிக்காரர். ஒரே தடவையில் புரிந்துகொண்டாளே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாதக் கடைசியில் பில் வந்தது. அச்சடித்த பில் புத்தகம், நடுவில் கார்பன் தாள் வைத்து எழுதியது. பசை காய்ச்ச எரிவாயுவும் மாவும் மூவாயிரம். கடைக்கு விட்ட இரண்டு அறை வாடகை ஆறாயிரம். வேலை நேரத்தில் மூன்று வேளை டீ, அண்ணன் தம்பிக்கும் அட்டை இறக்க வருகிறவர்களுக்கும் சேர்த்து, இரண்டாயிரத்து ஐந்நூறு. பெட்டி ஒட்டுகிற கூலி, பத்தாயிரம் பெட்டிக்கு, வெளியே நூற்றுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதே விலைக்கு, பதினெட்டாயிரம். கீழே ஒரு கையெழுத்து, 'வீட்டுக்காக' என்று.

பெட்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். வாடகை எழுதிய இடத்துக்கு வந்ததும் தம்பி சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்த வீடு அண்ணியின் அப்பா அண்ணியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தது என்று நினைவுபடுத்தினான். பெட்டிக்காரர் அதை மறந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டு, பில்லை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தார். மேசை ஆட்டம் நின்றது. அடுத்த மாத பில் பசைச் சட்டிக்கு மூடியானது. அதற்கடுத்தது கத்தி இயந்திரத்தின் எண்ணெயைத் துடைத்தது.

வீட்டம்மா பில் எழுதுவதை நிறுத்தவில்லை. வேலையையும் நிறுத்தவில்லை. நானூறு பெட்டி நானூறு பெட்டியாகவே விழுந்தது. ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவை, சாய்ந்திருந்த அட்டையை எல்லாம் நகர்த்திவிட்டு, சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் சாத்த ஆரம்பித்தாள். பெட்டிக்காரர் உள்ளே போக வேண்டுமானால் தட்ட வேண்டும். கடை ஆளா வீட்டு ஆளா என்று உள்ளேயிருந்து கேட்பாள். வீட்டு ஆள் என்று சொன்னால் திறப்பாள். கையில் ஒரு துண்டு அட்டை இருந்தாலும் வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வாள். தம்பிதான் சமத்து. டீ குடித்த கையோடு காசை எடுத்து வைத்துவிடுவான், அண்ணியும் பில்லில் அவன் பெயரைக் கழித்துவிடுவாள். இதை அண்ணனிடம் அவன் சொல்லவே இல்லை.

மழைக்காலம் வந்ததும் விவகாரம் முற்றியது. மழையில் பெட்டி காயாது. ஒட்டிய மூலை ஊறி வாயைப் பிளந்துகொள்ளும். வழக்கமாக அந்த நாட்களில் பெட்டிகளை உள்ளே கொண்டுபோய்க் கட்டில்மேல், அலமாரிமேல், நாற்காலிமேல் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிடுவார்கள். இப்போது கட்டில் வீட்டைச் சேர்ந்தது. செருப்புக் கடைக்கு இரண்டாயிரம் பெட்டி வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். பெட்டிக்காரர் வீம்பாகக் கடைக்குள்ளேயே கயிறு கட்டி மூடிகளைத் தொங்கவிட்டார். தம்பி உள்ளே வரும்போதெல்லாம் நாலு மூடி தலையில் விழுந்தது. புதன்கிழமை வரை எதுவும் காயவில்லை, மேல்தாள் சுருங்கிக் கிழவியின் கன்னம் மாதிரி ஆனது. புதன் ராத்திரி பெட்டிக்காரர் கதவைத் தட்டினார்.

"யாரு, கடையா வீடா?"

பெட்டிக்காரர் தொங்குகிற மூடிகளைத் திரும்பிப் பார்த்தார். "கடைதான்," என்றார்.

"கட்டில் ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு நூறு. மின்விசிறி தனி."

இப்படியே பில் வர ஆரம்பித்துப் பத்து மாதம் ஆயிற்று. இன்னும் ஒரு மாதத்தில் அதிகாரி வருவார் என்கிற நிலையில், பெட்டிக்காரர் பச்சைக் கோப்பையும், பூட்டிய இழுப்பறையில் சேர்த்து வைத்த காகிதங்களையும் ஒரு சட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கணக்கரைப் பார்க்கப் போனார். கணக்கர் நகல் எடுக்கிற கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருப்பவர். ஒல்லியான மனிதர். எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அட்டை, நூல், மேல்தாள், வண்டிச் செலவு, தம்பியின் சம்பளம் எல்லாவற்றையும் எழுதிக் கழித்தார். கழித்துவிட்டுப் பெட்டிக்காரரைப் பார்த்தார். ஆறு லட்சம் லாபம் நிற்கிறது, அரசாங்கம் போட்ட மதிப்பு ரொம்பச் சரி, வரி ஒரு லட்சத்து நாற்பதாயிரம்தான் என்றார்.

பெட்டிக்காரர் பதறிப்போய், எங்கேயோ தப்பு இருக்கிறது, அவ்வளவு லாபம் வருகிற கடை இல்லை என்றார். கணக்கர் இரண்டாம் தடவையும் கூட்டினார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பெட்டியையும் ஒட்டினது யார் என்று கேட்டார்.

"வீட்டுல ஒட்டுறாங்க."

"அவங்களுக்குக் கூலி?"

"வீட்டுக்கு ஏதுங்க கூலி?"

"அப்போ அந்தக் கூலிதான் சார் உங்க லாபம்," என்றார் கணக்கர். "நீங்க குடுக்கலை. குடுக்காம மிச்சம் நின்னதை லாபம்னு கணக்கு சொல்லுது. லாபம்னா வரி உண்டு. பசை எங்க காய்ச்சுறீங்க? இடம் யாரோடது? அதுக்கெல்லாம் ஒரு ரசீது, ஒரு பில், ஏதாவது இருக்கா?"

பெட்டிக்காரர் கண்ணுக்கு முன்னால் மேசைக் கால் வந்தது, பசைச் சட்டி வந்தது, எண்ணெய்க் கறையோடு ஒரு காகிதம் குப்பைக்குப் போனது வந்தது. எழுந்து வீட்டுக்கு ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், நடந்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

மேசைக்கு அடியில் இருந்த பில்லில் எழுத்துத் தேய்ந்துபோயிருந்தது. பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதை வீட்டம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்ப் பில் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கார்பன் நகல்கள் பத்து மாதத்துக்கும் ஒன்றுவிடாமல் இருந்தன. மழைக்காலத்துக் கட்டில் வாடகையும் மற்றதும் சேர்த்து மொத்தம் மூன்று லட்சத்து இருபதாயிரம். கணக்கருக்கு அதைப் பார்த்ததும் கண்ணில் நீர் வராத குறை. இவ்வளவு சுத்தமான பில் புத்தகத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். கட்டில் வாடகையைக் கிடங்கு வாடகை என்று எழுதிக்கொண்டார். இதெல்லாம் செலவில் ஏறினால் வரி இருபத்தொன்பதாயிரத்துக்கு இறங்கிவிடும், அந்த அம்மாவுக்கும் வருமானம் வரம்புக்குள்தான் வரும் என்றார். ஒரே ஒரு விஷயம். பில் இருந்தால் போதாது, பணம் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் வங்கி வழியாக, அவர் கணக்கிலிருந்து அந்த அம்மா கணக்குக்கு.

தம்பி இதைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான். "அண்ணே, நல்லா யோசிச்சுக்க. அரசாங்கம் கேக்குறது ஒண்ணரை லட்சம்கூட இல்ல. அண்ணிக்குப் போறது மூணு லட்சம்."

"அட போடா," என்றார் பெட்டிக்காரர். "அரசாங்கத்துக்குக் குடுத்தா போச்சு. இது எங்க போகுது? இந்தப் பையில இருந்து அந்தப் பைக்கு."

அவருக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. மனைவியின் பெயரில் கணக்குத் திறக்க அவரே கூடப் போனார். வங்கியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். அவள் பெயர், அவள் பிறந்த தேதி, அவள் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அங்கிருந்த பெண் கேட்டாள். பெட்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள், பெட்டி ஒட்டுவது என்று வீட்டம்மா சொல்லிவிட்டாள். பணம் மாறியது. அவர் கணக்கில் முப்பதாயிரம் மிஞ்சியது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். இயந்திரம் விற்கிறவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். ஒரு நாள் சாப்பிடும்போது, ரொம்ப இயல்பாகக் கேட்பது போல, அந்தப் பணத்தை எப்போது எடுத்துக் கொடுக்கிறாய் என்று கேட்டார். எந்தப் பணம் என்று கேட்டாள். அந்த மூன்று லட்சம் என்றார். அது தன்னுடைய கூலியும் வாடகையும்தானே என்றாள். பெட்டிக்காரர், அது சரி, ஆனால் கடைக்கு இயந்திரம் வாங்க வேண்டுமே என்றார்.

"கடைக்கு வேணும்னா கடை வந்து கேக்கட்டும்," என்றாள் வீட்டம்மா. "சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்துகிட்டு வீட்டு ஆள் எதுக்குக் கேக்குறீங்க?"

மறுநாள் கடை வந்து கேட்டது. கடையின் பெயர் அச்சடித்த தாளில், கடனாக வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி, முத்திரையும் குத்தி, கதவைத் தட்டிக் கொடுத்தார். வாங்கி நிதானமாகப் படித்தாள். வட்டி என்ன போடலாம் என்று கேட்டாள். பெட்டிக்காரருக்கு முகம் செத்துப்போனது. அப்புறம் அவளே, அவசரமில்லை, அதிகாரி வந்துவிட்டுப் போகட்டும் என்றாள். கடை நிற்குமா விழுமா என்று தெரியாமல் யாராவது கடன் கொடுப்பார்களா என்று கேட்டாள். அதற்குப் பதிலைப் பெட்டிக்காரர் பச்சைக் கோப்பில் தேடிப் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. கணக்கர் வேறு அதை வளர்த்துவிட்டார். மனைவி பெயரில் சம்பளம் காட்டுவது எல்லாரும் செய்கிற தந்திரம், அதிகாரிகளுக்கு அதைப் பார்த்தாலே மூக்கு வேர்க்கும், அந்த அம்மா நிஜமாகவே வேலை செய்கிறார் என்று நம்பாவிட்டால் மொத்தச் செலவையும் அடித்துவிடுவார்கள் என்றார். அடித்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரமும் கட்ட வேண்டும், கொடுத்த மூன்று லட்சமும் போனது போனதுதான். கையில் இருப்பது முப்பதாயிரம். அட்டைக்காரருக்கு அடுத்த மாதம் கொடுக்கக்கூடப் பணம் இருக்காது, கத்தி இயந்திரத்தை விற்றால்தான் உண்டு. பெட்டிக்காரர் கணக்கரைத் தினமும் வரவழைத்துக் கேள்வி பதில் பழகினார். பில் எங்கே, அதோ. பணம் எப்படிப் போனது, வங்கி வழியாக. வாடகை யாருக்கு, எதற்கு, எவ்வளவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற அளவுக்குத் தயாரானார்.

அதிகாரி ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். குடை, கைப்பை, தன்னுடைய தண்ணீரைத் தானே கொண்டுவந்த பாட்டில். டீ வேண்டாம் என்று நுழையும்போதே சொல்லிவிட்டார். நாற்காலி போட்ட இடம் அட்டைத் தூசி என்று, ஒட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிரே வீட்டம்மா வேலையாக இருந்தாள். அன்றைக்கும் நானூறு பெட்டி கொடுக்க வேண்டியிருந்தது. வெட்டிய அட்டையை எடுப்பாள், நாலு பக்கமும் மடிப்பாள், வழவழவென்று தேய்ந்த மரத்துண்டால் மடிப்பை ஒரு இழுப்பு இழுப்பாள், மூலைத்தாளில் பசை தடவி ஒட்டுவாள், கட்டைவிரலால் அழுத்துவாள், தள்ளி வைப்பாள். அடுத்ததை எடுக்கும்போது கண் அதில் இருக்காது.

கேள்விகள் ஒரு மணி நேரம் நடந்தன. பெட்டிக்காரர் பிய்த்து உதறினார். ஒவ்வொரு பில்லும் கேட்ட நொடியில் நீட்டப்பட்டது. கிடங்கு வாடகையில் கட்டில் எங்கே வருகிறது என்று அதிகாரி கேட்டதற்குக்கூட மழையையும் செருப்புக் கடையையும் சொல்லிச் சமாளித்தார். கணக்கர் ஓரத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பதிலுக்கும் மெதுவாகத் தலையாட்டினார். தம்பி வண்டிக்கும் கடைக்குமாகக் கட்டுகளைச் சுமந்துகொண்டிருந்தான். எல்லாம் முடிந்தது. அதிகாரி புத்தகங்களை மூடி அடுக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். வெறும் சம்பிரதாயம் போல, படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இங்க மொத்தம் எத்தனை பேர் வேலை செய்யறீங்க?"

"ரெண்டு பேர்ங்க," என்றார் பெட்டிக்காரர். "நானும் தம்பியும்."

கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கேள்வியை மட்டும் அவர்கள் பழகவில்லை. இதற்குப் பழக வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

வீட்டம்மாவின் கை நின்றது. பசை தடவிய மூலைத்தாள் விரலில் தொங்கியது. அது நின்றதைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது பெட்டிக்காரருக்கு உறைத்தது. பணம் போகப்போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது, அது பணத்தைவிட மோசமாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். பத்து மாத பில்லும், வங்கி வரிசையும், சாத்திய கதவும் இருந்தும், யோசிக்காமல் வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. 

அதிகாரி கூலிப் புத்தகத்தை மறுபடி திறந்தார். "இதுல ஒரு அம்மா பேர்ல லட்சத்து எண்பதாயிரம் கூலி எழுதியிருக்கு. வேலை செய்யறது ரெண்டு பேர்னா இது எதுக்குப் போச்சு?"

வீட்டம்மா தொங்கிய தாளை மூலையில் ஒட்டி, அழுத்தி, தள்ளி வைத்தாள்.

"நான் வந்து ஒரு மணி நேரம் ஆச்சு," என்றார் அதிகாரி. "எனக்கு ஒரு பழக்கம், கண்ணுல படுறதை எண்ணிக்கிட்டே இருப்பேன். இவங்க அம்பத்தாறு பெட்டி ஒட்டியிருக்காங்க. உங்க தம்பி பதினொரு கட்டு ஏத்தினார். நீங்க நல்லா பேசினீங்க. சரி, ரெண்டு பேர்னு நீங்களே சொல்றீங்க, அப்படியே எழுதிக்கிறேன். எந்த ரெண்டு பேர்?"

பெட்டிக்காரர் ஒட்டுப் பலகையைப் பார்த்தார். அடுக்கி வைத்த பெட்டிகள் அவருடைய இடுப்பு உயரத்துக்கு நின்றன. அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"இவளும் தம்பியும்ங்க," என்றார்.

"அப்போ நீங்க?"

"நான் வெட்டுவேங்க. காலையில கொஞ்ச நேரம்." என்றார்.

அதிகாரி பேனாவைப் படிவத்தின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்பி ஒரு கட்டைத் தோளில் வைத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மூணுன்னே எழுதிக்கங்க மேடம்," என்றாள் வீட்டம்மா, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டே. "அவருக்கும் நான் கொஞ்சம் கொஞ்சமா வேலை பழகிக் குடுக்கிறேன்."

அதிகாரி மூன்று என்று எழுதினார். எழுதும்போது அவர் சிரித்தாரா இல்லையா என்று கணக்கர் அப்புறம் எவ்வளவோ யோசித்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. வரி இருபத்தொன்பதாயிரம், மாதம் முடிவதற்குள் கட்டிவிடுங்கள் என்று சொல்லி, படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார். பெட்டிக்காரர் வாங்கிப் பார்த்தார். வேலை செய்பவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியில் அவள் பெயர் இருந்தது, இரண்டாவதில் தம்பி பெயர், மூன்றாவதில் அவருடையது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதிகாரியின் குடை தெருமுனை திரும்பியதும் கணக்கர் சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். பெட்டிக்காரர் வெளியே கிளம்புவார் என்று தம்பி நினைத்தான். அவர் கிளம்பவில்லை. அதிகாரி உட்கார்ந்திருந்த முக்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வீட்டம்மா ஐம்பது மூடிகளை எண்ணி அவர் பக்கம் தள்ளிவிட்டு, நடுவில் இருந்த பசைச் சட்டியையும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"மூலையில பசையை அப்பாதீங்க," என்றாள். "மெலிசா தடவணும்."

"சரிங்க," என்றார் பெட்டிக்காரர்.